வெயில் ஏறுவதற்கு முன்

மூன்று நாற்பது. கடிகாரத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். 2021 பிப்ரவரியில் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம், தினமும் அந்த நேரத்துக்குத்தான் எனக்கு விழிப்பு வந்தது. கெட்ட கனவு கிடையாது, வெளியே சத்தம் கிடையாது. கண் திறக்கும்போதே நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டிருக்கும். உள்ளங்கை சில்லிட்டிருக்கும். பக்கத்தில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார், அல்லது தூங்குவது போலப் படுத்திருப்பார். மேலே மின்விசிறி சுற்றும். அந்தச் சத்தத்தோடு சத்தமாகக் கணக்கு ஓட ஆரம்பிக்கும். நகைக்கடன் வட்டி, வீட்டுக்கடன் தவணை, மகனின் பள்ளிக் கட்டணம், மகளிர் குழுவில் வாங்கின பணம். கடைசி வரைக்கும் ஓடி முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

என் கணவர் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் 18 வருடம் கட்டிங் பிரிவில் வேலை பார்த்தவர். தோலைக் கையால் தடவியே எந்த இடம் மேல்பக்கத்துக்கு ஆகும், எந்த இடம் நாக்குக்கு ஆகும் என்று சொல்லிவிடுவார். கொரோனா வந்தது, வெளிநாட்டு ஆர்டர் நின்றது, ஆட்களைக் குறைத்தார்கள். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்தப் பாலாற்றங்கரை முழுக்கத் தோலை நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள் எத்தனையோ. அந்த வருடம் எங்கள் தெருவில் மட்டும் எங்களோடு சேர்த்து மூன்று வீட்டில் ஆண்கள் பகலில் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். எனக்கும் அப்போது பாதிச் சம்பளம்தான்.

இதைச் சொல்வதற்குக் காரணம், காலையில் அமைதி கிடைத்தது என்று யாராவது எழுதினால் அவர்களுக்கு எப்போதுமே அமைதியான காலைதான் என்று நமக்குத் தோன்றிவிடும். எனக்கு ஒரு நாளில் பயங்கரமான நேரமே காலைதான். ராத்திரி அசதியில் தூங்கிவிடலாம். பகலில் வேலை இருக்கும். விடியலுக்கு முன்னால் வருகிற அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

முதலில் டாக்டரிடம் போனேன். அதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் நம் சபை மக்களில் பலர் இதை மறைக்கிறார்கள். இதயத்துக்கு ஒன்றும் இல்லை என்று இசிஜி எடுத்துப் பார்த்துச் சொன்னார். பிறகு பொறுமையாக ஒரு விஷயத்தை விளக்கினார். விடியலை நெருங்க நெருங்க நம் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் தானாகவே ஏறுமாம். எழுந்த பிறகும் அரை மணி, முக்கால் மணி நேரம் இன்னும் ஏறுமாம். உடம்பை எழுப்பி அன்றைய வேலைக்குத் தயார் பண்ணுவதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. ஏற்கெனவே கவலையில் இருக்கிற ஒருவருக்கு அதே ஏற்றம் படபடப்பாகத் தெரியும். "உங்க உடம்பு உங்களை எழுப்புதும்மா. எழுப்பினதுமே மனசு பிரச்சினையைத் தேடிப் புடிச்சிக்குது" என்றார். மாத்திரை கொடுத்தார். ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

மாத்திரையில் தூக்கம் கொஞ்சம் சரியானது, நெஞ்சடிப்பும் குறைந்தது. மனம் மட்டும் சரியாகவில்லை.

ஜெபம் பண்ணவில்லையா என்று கேட்பீர்கள். பண்ணினேன். எப்படிப் பண்ணினேன் என்பதுதான் விஷயம். விழிப்பு வந்ததும் தலையணைக்குக் கீழே கை போகும். போனில் யாராவது வசனம் அனுப்பியிருப்பார்கள், பூப்படத்தின் மேல் மஞ்சள் எழுத்தில். அதற்குக் கீழேயே கடன் கம்பெனியின் குறுஞ்செய்தி இருக்கும். யூடியூபில் அதிகாலை ஜெபம் ஓடவிட்டுக் காதில் மாட்டிக்கொள்வேன். ஒருவர் உரத்த குரலில் ஜெபிப்பார், நான் கேட்டுக்கொண்டே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். அவர் ஆமென் சொல்வார், நானும் சொல்வேன். ஒன்றும் இறங்காது.

அந்த நாட்களில் வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், "ஒன்றுக்கும் கவலைப்படாதிருங்கள் என்று வேதம் சொல்கிறது. நீங்கள் கவலைப்படுகிறீர்கள் என்றால் விசுவாசம் குறைந்துவிட்டது" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். ஆனால் அன்று முதல் கடன், வேலை, மகன் என்ற பட்டியலில் விசுவாசக் குறைவும் ஒரு கவலையாகச் சேர்ந்துகொண்டது.

அப்படி ஒரு விடியலில்தான் ஆயா ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்போம்.

ஆயாவுக்கு ஊர் காட்பாடியைத் தாண்டிச் சித்தூர் ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு கிராமம். இந்த வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் 1853-இல் ஆரம்பித்த ஆர்க்காடு மிஷன் வழியாகக் கிறிஸ்துவை அறிந்த குடும்பங்கள் நிறைய. ஆயாவின் குடும்பமும் அப்படித்தான். கோயில் என்று ஓட்டுக் கூரை போட்ட ஒரு சின்னக் கட்டடம், வெளியே வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்ட ஒரு துண்டுத் தண்டவாளம். அதுதான் மணி. உபதேசியார் விடியற்காலையில் இரும்புக் கம்பியால் அதை அடிப்பார். டங்... டங்... என்று வயல் வரைக்கும் கேட்கும். கோடை விடுமுறைக்குப் போனால் அந்தச் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வரும்.

ஆயா அதற்கு முன்பே எழுந்து வாசலுக்குச் சாணி தெளித்திருப்பாள். கை கால் கழுவிக்கொண்டு, புடவைத் தலைப்பை முக்காடு போட்டுக்கொண்டு, திண்ணையில் சுவரில் சாய்ந்து ஒரு காலை நீட்டி உட்காருவாள். முட்டி வலி, மண்டியிட முடியாது. எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது. ஓய்வுநாள் பள்ளியிலும் கோயிலிலும் காதால் கேட்டே வேதத்தில் இருக்கிற சங்கீதப் பாடல்களில் இருபது முப்பது மனப்பாடம். அதில் ஒன்றைச் சொல்லுவாள். அப்புறம் ஆரம்பிப்பாள்.

"ஆண்டவரே, செவலை மாடு நேத்து முழுக்கப் புல்லு தின்னல. கெணத்துல தண்ணி ரெண்டு மொழம் கீழ போயிடுச்சி. பெரியவன் கடுதாசி போட்டு ஒரு மாசம் ஆவுது. கடக்காரனுக்கு நூத்தி நாப்பது ரூபா குடுக்கணும், கைல முப்பதுதான் கீது..."

போர்வைக்குள்ளிருந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எந்த மாடு, எத்தனை முழம், எவ்வளவு ரூபாய், எல்லாம் சொல்வாள். 'எங்கள் தேவைகளைச் சந்தியும்' என்று பொதுவாக ஒரு வார்த்தை அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. ஒருநாள் கேட்டேன், "ஆயா, சாமிக்கு எல்லாம் தெரியும்தானே? எதுக்கு ரூபாக் கணக்கெல்லாம் சொல்ற?" அவள் என் பக்கம் திரும்பி, "வவுத்து வலின்னு டாக்டராண்ட போனா, எங்க வலிக்குதுன்னு கை வெச்சிக் காட்டணுமா இல்லியா கண்ணு?" என்றாள்.

கணக்கை ஒப்பித்து முடித்ததும் அப்படியே சும்மா உட்கார்ந்திருப்பாள். பத்து நிமிஷம் இருக்கும். நான் எழுந்து போய் மடியில் விழுந்து ஏதாவது பேச்சுக் கொடுத்தால், "கம்முனு குந்து. இப்ப அவுரு பேசட்டும்" என்பாள். சங்கீதம் 46-இல் ஒரு வசனம் உண்டு. "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்." இதற்கு நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஆயாவின் பாஷையில் அது இப்படி இருக்கும்: கம்முனு குந்து, நான் கீறேன். எனக்கு இதைவிடச் சரியான விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை.

அந்த ஞாபகம் வந்த அன்று நான் போனைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். மகனின் பழைய கணக்கு நோட்டில் பின்பக்கம் காலியாக இருந்தது, அதையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டேன். நாலு மணி. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து, தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதினேன். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், எந்தத் தேதிக்குள். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. மகன் என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டான், செருப்பு அறுந்துபோனதைக்கூடச் சொல்லவில்லை. எழுதிக்கொண்டே ஒவ்வொன்றையும் மெல்லிய குரலில் சொன்னேன். செருப்பு வந்த இடத்தில் அழுதுவிட்டேன்.

அன்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த கணக்கு நோட்டில் வந்து நின்றது. பதினோரு வரி. நெஞ்சுக்குள் ஓடும்போது ஆயிரம் வரி போல இருந்தது பதினோரு வரிதான்.

அந்த வசனம் வருகிற பிலிப்பியர் நாலாம் அதிகாரத்தை மறுநாள் எடுத்து நானே வாசித்தேன். அந்த நல்ல மனிதர் சொன்னது அரை வாக்கியம். முழு வாக்கியம் இது: "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல், எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்." தெரியப்படுத்துங்கள் என்ற சொல்லில்தான் என் கண் நின்றது. கவலைப்படாதே என்று வாயை அடைக்கிற வசனமில்லை அது. வாயைத் திறக்கச் சொல்கிறது. ஆயா திண்ணையில் உட்கார்ந்து செய்தது அதைத்தான்.

அடுத்த வசனம்: "அப்பொழுது, எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் உங்கள் இருதயங்களையும் உங்கள் சிந்தைகளையும் கிறிஸ்து இயேசுவுக்குள்ளாகக் காத்துக்கொள்ளும்." இந்தக் கடிதத்தை எழுதும்போது அப்போஸ்தலர் பவுல் கட்டுண்டு காவலில் இருந்தார். லெந்து என்கிற தவக்காலத்தில் ஒருநாள் வேதபாடத்தில் எங்கள் ஆயர் சொன்னது நினைவில் இருக்கிறது: காத்துக்கொள்ளும் என்பதற்கு மூலமொழியான கிரேக்கத்தில் இருப்பது படைவீரர்கள் ஒரு நகரத்தைச் சுற்றிக் காவல் நிற்பதற்குச் சொல்கிற சொல். ராப்பகலாகக் காவலருக்கு நடுவில் இருந்த மனிதர், சமாதானத்தைக் காவலராகப் பார்க்கிறார்.

வேலூர்க்காரிக்குக் காவல் என்றதும் கோட்டைதான் ஞாபகம் வரும். 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய கருங்கல் மதில், சுற்றிலும் அகழி. உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில் இருக்கிறது, மசூதி இருக்கிறது, 1846-இல் கட்டிய புனித யோவான் ஆலயமும் இருக்கிறது. சின்ன வயதில் அந்த மதிலைப் பார்க்கும்போதெல்லாம் இதற்குள் யாரும் நுழையவே முடியாது என்று நினைப்பேன். ஆனால் 1806 ஜூலை 10, விடிவதற்கு முன்னால் இந்தக் கோட்டைக்குள்ளே இருந்த சிப்பாய்களே ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தார்கள். அவர்களுடைய நியாயம் பெரியது, அதற்காக ஊரே அவர்களை நினைத்துப் பெருமைப்படுகிறது. எனக்கு உறைத்தது வேறு. அகழியும் மதிலும் வெளியே இருந்து வருவதற்குத்தான். விடியாத இருட்டில் உள்ளே இருந்து ஒன்று எழுந்தால் மதிலால் என்ன செய்ய முடியும்? என் பயமும் உள்ளே இருந்துதான் எழுந்தது. கையில் பணம் இருந்திருந்தால் பயந்திருக்க மாட்டேன் என்று நான் நினைத்தது தப்பு. கடன் பாதி அடைந்த பிறகும் மூன்று நாற்பதுக்கு விழிப்பு வந்தது. காவல் உள்ளேயே நிற்க வேண்டியிருந்தது.

அதனால் மாடிப் பழக்கத்தை விடவில்லை. என் காலை எப்படிப் போகிறது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள், சொல்கிறேன். நாலரை மணிக்கு எழுகிறேன். வெறும் சுடுதண்ணீர் ஒரு டம்ளர். போன் கீழேயே இருக்கும். மாடியில் ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு சங்கீதம் வாய்விட்டு வாசிப்பேன், பழைய மொழிபெயர்ப்பில். சிலர் அந்தத் தமிழ் கடினம் என்கிறார்கள். எனக்கு அதில்தான் உயிர். மாற்கு முதல் அதிகாரம் 35-ஆம் வசனத்தைப் பாருங்கள்: "அவர் அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு, வனாந்தரமான ஓரிடத்திற்குப்போய், அங்கே ஜெபம்பண்ணினார்." இருட்டோடே! சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுபோகிறவர்கள் எங்கள் ஊரில் இன்றைக்கும் "இருட்டோட கெளம்பணும்" என்றுதான் சொல்கிறார்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைச் சாக்கில் கட்டி முதல் பஸ்ஸுக்கு ஏற்றுகிறவரும், ஆண்டவரும் ஒரே சொல்லில் எழுந்திருக்கிறார்கள்.

அந்த வசனத்துக்கு முந்தின நாள் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். சூரியன் அஸ்தமித்த பிறகு ஊரே வீட்டு வாசலில் வந்து நின்றது, வியாதிக்காரரோடு. மறுநாள் காலையில் சீமோன் தேடிக்கொண்டு வந்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறான். அவருக்கும் வேலை குறைந்தபாடில்லை. இரண்டு கூட்டத்துக்கு நடுவில் கிடைத்த இருட்டில்தான் அவரும் போய் உட்கார்ந்தார். எனக்கு நேரமே இல்லை என்று சொல்ல வரும்போதெல்லாம் இந்த வசனம் என்னைப் பிடித்துக்கொள்ளும்.

சங்கீதம் முடிந்ததும் நோட்டு. அதுவும் முடிந்ததும் பேனாவை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். இந்தச் சும்மா உட்காருவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. ஆரம்பத்தில் ஒரு நிமிஷம்கூட முடியாது, பருப்பு ஊறவைத்தேனா என்று எழுந்துவிடுவேன். இப்போது பத்து நிமிஷம் வரை இருக்கிறேன். முதலில் தூரத்தில் பள்ளிவாசலில் பாங்கு சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளையார் கோயில் ஒலிபெருக்கி கரகரவென்று தொண்டையைச் செருமிக்கொண்டு சுப்ரபாதத்தை ஆரம்பிக்கும். ஞாயிறு என்றால் எங்கள் கோயில் மணியும் சேரும். நெடுஞ்சாலையில் லாரி போகும். மலை மேல் கறுப்பாக இருந்தது கொஞ்சம் கொஞ்சமாகப் பாறை என்று தெரிய வரும். ஊர் முழுக்க யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைக் கேட்பதற்காக எழுந்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது, நான் தனியாக உட்கார்ந்திருக்கிறேன் என்ற எண்ணம் போய்விடும்.

இந்தப் பழக்கத்துக்கு உண்மையான சோதனை 2023-இல் வந்தது. அப்பாவுக்கு சி.எம்.சி.யில், அதாவது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், பெரிய ஆபரேஷன். முந்தின நாள் மாலை உள்ளே போனவர், ராத்திரி முழுக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவில். நான் வெளியே பெஞ்சில். ராத்திரி ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் நேரம் நகரவே நகராது. எனக்குப் பக்கத்தில் ஒரு வங்காளத்து அம்மா. இந்த ஊர் ஆஸ்பத்திரித் தெருக்களில் வங்காள எழுத்தில் பலகை இல்லாத லாட்ஜைப் பார்ப்பது அரிது, அவ்வளவு பேர் அங்கிருந்து வருகிறார்கள். அவர் மகன் உள்ளே. எங்களுக்குப் பொதுவாக ஒரு மொழி கிடையாது. அவர் விரலை மடக்கி மடக்கி ஏதோ நாமம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சங்கீதம் 130-ஐச் சொல்லிக்கொண்டிருந்தேன்: "எப்பொழுது விடியும் என்று விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைப்பார்க்கிலும் அதிகமாய் என் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது."

ஜாமக்காரர் என்றால் ராக்காவல்காரர். அன்றுவரை அது எனக்கு அழகான ஒரு வசனம், அவ்வளவுதான். பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அதன் அர்த்தம் ஏறியது. காவல்காரரால் விடியலை அரை நிமிஷம்கூட முன்னால் இழுக்க முடியாது. ஆனால் விடியாமல் போய்விடுமோ என்று எந்தக் காவல்காரரும் பயப்படுவதில்லை. அவருக்கு வேலை, தூங்காமல் இருப்பது மட்டும்தான்.

அந்த ஆஸ்பத்திரியே ஒரு ராத்திரியில் இருந்து பிறந்ததுதான். 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கட்டருக்கு மருத்துவராகிற ஆசையே இல்லை. திண்டிவனத்தில் அப்பா அம்மாவோடு இருந்தபோது ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவிக்கும் பிரசவ வேதனை. அவருடைய அப்பா மருத்துவர், ஆனால் ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவருமே சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஐடா அன்றிரவு தூங்கவில்லை. விடிந்ததும் மூன்று பெண்களும் இறந்துபோன செய்தி வந்தது. தன்னை அறைக்குள் அடைத்துக்கொண்டு ஜெபித்துவிட்டு, நான் டாக்டருக்குப் படிக்கப்போகிறேன் என்று பெற்றோரிடம் வந்து சொன்னார். படித்து முடித்து 1900-இல் வேலூருக்குத் திரும்பி, வீட்டிலேயே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். 1902-இல் 40 படுக்கை ஆஸ்பத்திரி, 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும்.

ஓய்வுநாள் பள்ளியில் இந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டவள் நான். ஆனால் காலைத் தியானம் என்றால் இதமான ஒன்று, மனதுக்கு ஒத்தடம் கொடுப்பது போல என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்த என்னை, அந்த பெஞ்சில் அந்தக் கதை கொஞ்சம் உலுக்கியது. ஐடாவுக்கு அன்று காலை கிடைத்தது நிம்மதியா? மூன்று சாவுச் செய்தி. ஆனாலும் அந்தக் காலையில் அவர் கடவுளை விட்டுப் போகவில்லை, கடவுள் முன்னாலேயே இருந்தார். அதிலிருந்துதான் அவருக்கு வழி தெரிந்தது.

ஐந்தே காலுக்குக் கதவு திறந்து நர்ஸ் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். அப்பா கண் விழித்துவிட்டார். நான் வெளியே வந்ததும் அந்த அம்மா எழுந்து என் முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினேன். என் இரண்டு கையையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார், அவர் மகனைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியாத நேரத்தில். கேன்டீனில் இரண்டு டீ வாங்கி வந்தேன். வெளிச்சம் வரும்வரை பேசாமல் குடித்தோம். அவர் மகனுக்காக இப்போதும் என் நோட்டில் ஒரு வரி உண்டு, பெயர் தெரியாது, 'மகன்' என்று மட்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாடியில் உட்கார்ந்ததும் தினமும் அமைதி வந்து இறங்குவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் வெறும் நாற்காலி, வெறும் நோட்டு, கொசுக்கடி. அப்படிப்பட்ட நாட்களில் சங்கீதம் 88-ஐ எடுப்பேன். ஆறுதலான முடிவு என்று ஒன்றே இல்லாத சங்கீதம் அது. ஆனால் நடுவில், "காலையிலே என் விண்ணப்பம் உமக்கு முன்பாக வரும்" என்று எழுதிவைத்திருக்கிறார். ஒன்றும் மாறாத நிலையிலும் அந்த மனிதர் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்கிறார். வந்து உட்காருவதே சில நாட்களில் போதும் என்று அவரிடம்தான் கற்றேன்.

இன்னொன்று மன்னா, இஸ்ரவேலருக்குக் கடவுள் கொடுத்த உணவு. யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தை ஆயா கதையாகச் சொல்லுவாள். வனாந்தரத்தில் ஒவ்வொரு காலையும் பனியோடு பனியாக மன்னா கிடக்கும். ஆளுக்கு ஒரு ஓமர் அளவு. நாளைக்கும் சேர்த்து எடுத்து வைத்தால் பூச்சி பிடித்து நாறிப்போகும். ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு பங்கு, அது கெடாது. "அதை விடியற்காலந்தோறும் அவரவர் புசிக்கும் அளவுக்குத்தக்கதாகச் சேர்த்தார்கள், வெயில் ஏற ஏற அது உருகிப்போம்." வெயில் ஏற ஏற! மே மாதத்தில் வேலூரில் இருந்தவர்களுக்கு இந்த வார்த்தைக்கு விளக்கம் தேவையில்லை. சுற்றிலும் பாறை மலை, பகலெல்லாம் வாங்கின சூட்டை ராத்திரிக்குத் திருப்பித் தருகிற மலை. காலை எட்டு மணிக்கே தரையில் வெறுங்காலை வைக்க முடியாது. நாற்பது டிகிரியைத் தாண்டுகிற நாட்களில் எதைச் செய்வதானாலும் வெயிலுக்கு முன்னால் செய்துவிட வேண்டும் என்பது இந்த ஊர்ப் பெண்களுக்குப் பிறவியிலேயே தெரியும். வடாம் பிழிவது தொடங்கித் துணி துவைப்பது வரை.

நான் ரொம்ப நாள் கேட்டது இனி பயமே வராத ஒரு சமாதானம். ஒரு தடவை வாங்கி டப்பாவில் போட்டு மூடி வைத்துக்கொள்கிற மாதிரி. அது கிடைக்கவே இல்லை. கிடைத்தது அன்றன்றைக்குப் போதுமான ஒரு ஓமர். நேற்றைய காலையின் அமைதியை வைத்து இன்றைக்கு ஓட்டலாம் என்று தூங்கிவிட்ட நாட்களில் பதினோரு மணிக்குள் அலுவலகத்தில் யாரிடமாவது எரிந்து விழுந்திருப்பேன். புலம்பல் புத்தகத்தில், "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று இரக்கங்களைப் பற்றி வருகிறது. எரிந்து கிடக்கிற எருசலேமைப் பார்த்துக்கொண்டு பாடிய பாட்டில் இருக்கிற வரி அது.

மாத்திரையை டாக்டர் பத்தாவது மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். நானாக நிறுத்தவில்லை. நீங்களும் நிறுத்தாதீர்கள். நெஞ்சு படபடக்கிறது என்றால் முதலில் போய்க் காட்டுங்கள், அப்புறம் மாடிக்குப் போங்கள். இரண்டும் ஒரே கையிலிருந்து வருவதுதான். என் கணவருக்கு இப்போது ஆம்பூரில் வேலை. சம்பளம் முன்பு வாங்கினதைவிடக் குறைவு, பஸ்ஸிலேயே நேரம் போகிறது. நகை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. மகன் கல்லூரி போகிறான்.

பழைய கணக்கு நோட்டு எப்போதோ தீர்ந்துவிட்டது, இது ஐந்தாவது. எப்போதாவது முதல் நோட்டைப் புரட்டுவேன். அந்தப் பதினோரு வரியில் ஆறு வரிக்குப் பக்கத்தில் பிறகு தேதி போட்டு 'ஸ்தோத்திரம்' என்று எழுதியிருக்கிறேன். இரண்டு வரி நான் கேட்டபடி நடக்கவில்லை, நடக்கப்போவதுமில்லை. மூன்று வரி இன்னும் அப்படியே இருக்கிறது, புது நோட்டுக்கு அவற்றை எடுத்து எழுதிவிட்டேன். செருப்பு வரியில் தேதி 2021 ஜூன். அவன் மாமா ஒருநாள் சும்மா பார்க்க வந்தவர், யாரும் சொல்லாமலே அவனைக் கடைக்குக் கூட்டிப்போனார்.

இன்று காலை நாலு வரிதான் எழுதினேன். செமஸ்டர் கட்டணம் வருகிற 20-ஆம் தேதிக்குள். அப்பாவுக்கு இந்த மாதப் பரிசோதனை. பள்ளியில் கூட வேலை பார்க்கிறவளின் மகள் திருமணம். கடைசி வரி 'மகன்'. பேனாவை மூடினேன். பாங்கு முடிந்திருந்தது, சுப்ரபாதம் இன்னும் தொடங்கவில்லை. மலைப் பக்கமிருந்து கொஞ்சம் காற்று வந்தது, இந்த மாதத்தில் அது அபூர்வம். கம்மென்று உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கீழே குழாயில் முதலில் காற்று சீறும் சத்தம், அப்புறம் குடத்தில் தண்ணீர் விழும் சத்தம். "தண்ணி வந்துடுச்சி, எழுந்து வா" என்று அவர் படிக்கட்டுக்குக் கீழே இருந்து கூப்பிட்டார். நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு இறங்கினேன்.